இடப்பக்கத்து வாடகைக்காரர்

மேல்வீட்டுக்கு ஏறிப்போட்டார் மனிசன். சொல்லாமல் கொள்ளாமல், ஜூலை முதலாம் திகதி வரைக்கும்கூடப் பொறுக்காமல் ஏறிப்போட்டார். மொன்றியலில் வீடு மாறுகிற சனம் முழுக்க அந்த ஒரு நாளுக்குத்தானே கட்டில் மெத்தையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கும். இவருக்கு மட்டும் என்ன அந்தரம், என்ன அவசரம்?

மாக்கிரட் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நிலையிலும் அவள் இல்லை. முன்பக்கம் திறந்த ஆஸ்பத்திரிச் சட்டையோடு, கால் இரண்டும் தொங்க, உயரமான கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். டொக்டர் அம்மா அவளுடைய இடது மார்பை இரண்டு கையாலும் பிடித்து, கடையில் முலாம்பழம் தெரிந்தெடுக்கிறவளைப் போல அமத்தி அமத்திப் பார்த்தாள். மாக்கிரட் அவளுடைய முகத்தைப் பார்க்காமல், கை எப்படிக் கழுவ வேண்டும் என்று படிப்படியாகக் காட்டும் சுவர்ப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படம் அவளுக்கு எப்போதோ பாடம்.

வாடகைக்காரர் என்பது அவள் வைத்த பெயர். புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்தபோது, அதே ஒப்பரேசனில் அந்த இடத்தில் வைத்துத் தைத்த சிலிக்கன் பைதான் அவர். முதல் வருடம் மரியாதையாக இருந்தார். குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சம் சேட்டை. செயின்ட்-மிஷேலில் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு, அவள் சமைக்கிற கார்டெரிக்குள், அந்தக் குழந்தைகள் காப்பகத்துக்குள், நுழைந்தால், மூக்கு சூடாகிவிடும், விரல் சூடாகிவிடும், இவர் மட்டும் பிரிட்ஜில் வைத்த பால் பை மாதிரி உள்ளே குளிர்ந்துகொண்டே இருப்பார். பிள்ளைகள் காலைப் பழம் தின்று முடித்த பிறகுதான் அவருக்கு வீட்டுச் சூடு பிடிக்கும். சரி, குளிர்நாட்டில் இருக்கிறவருக்குக் குளிர் பிடிக்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

பிறகுதான் இறுகத் தொடங்கினார். உடம்புக்கு அந்நியமான சாமான் ஒன்று உள்ளே வந்தால் உடம்பு அதைச் சுற்றி ஒரு தோல் கட்டுமாம். எல்லாருக்கும் கட்டுமாம். புற்றுநோய்க்கெனக் கதிர்ச் சிகிச்சை கொடுத்த, கரண்ட் பிடித்த இடத்தில் அந்தத் தோல் தடித்து, சுருங்கி, பையை நெரித்து உருண்டையாக்கி மேலே தள்ளிவிடும் சாத்தியம் கூடவாம். டொக்டர் ஒரு படம் கீறிக் காட்டினாள். மாக்கிரட்டுக்குப் படம் தேவையாக இருக்கவில்லை. குனிந்து பார்த்தாலே தெரிந்தது. வலது பக்கம் ஐம்பத்தேழு வயதுக்குரிய பணிவோடு கீழே இருந்தது. இடது பக்கம் கழுத்தெலும்புக்கு நாலு விரல் கீழே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதை எடுத்தாகவேண்டும், மதாம்," என்று டொக்டர் மெதுவான பிரெஞ்சில் சொன்னாள். "எடுத்தபிறகு புதிதாக ஒன்று வைக்கலாம். ஆனால் இதே கதை திரும்பவும் நடக்கக்கூடும். வயிற்றிலிருந்து சதை எடுத்து வைக்கலாம், அது பெரிய ஒப்பரேசன். இல்லாவிட்டால் ஒன்றும் வைக்காமல் தட்டையாகத் தைத்துவிடலாம்."

மாக்கிரட் தன் வயிற்றைப் பார்த்தாள். சதைக்கு அங்கே பஞ்சமில்லைதான். ஆனாலும் புட்டும் மாம்பழமுமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததை இவ்வளவு லேசாக மேலே அனுப்ப மனம் வரவில்லை.

"உங்களுக்கு எது விருப்பம்?"

அந்தக் கேள்வி அவளுக்குப் புதிது. முதல் தடவை இதைக் கேட்டிருப்பார்கள், கேட்காமல் விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு மொழிபெயர்க்க வந்திருந்த யோசெப்பின் மச்சாள், கேள்வியைத் தமிழுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் முன்னமே, "வைக்கத்தானே வேணும்" என்று பிரெஞ்சில் பதிலைச் சொல்லிவிட்டா. மாக்கிரட் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்குக் கிடைத்தவர்தான் இவர்.

"வாற கிழமை சொல்லுறன்," என்றாள் மாக்கிரட், நன்றிக்கு ஒரு மெர்சியும் சேர்த்து.

வெளியே அவளுடைய கணவர் நீக்கிலாப்பிள்ளை தன் தொப்பியையும் அவளுடைய கையுறைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் காலம் முழுக்கப் பெட்டி அடுக்கி, போன வருடம் பென்சன் எடுத்த மனிதர். வாடகைக்காரரை அவர் ஒருநாளும் தொட்டதில்லை, மரியாதைக் குறைவாகப் பேசியதும் இல்லை.

"என்னவாம் அவர்?"

"வெளிக்கிடப் போறாராம்."

"அப்ப புது ஆள் வருவாரோ?"

"அதைத்தான் என்னைக் கேக்கினம்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"மெர்சி எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

நீக்கிலாப்பிள்ளை யோசித்துவிட்டு, "அதுவும் நல்ல பதில்தான்," என்றார்.

அவர்களுடைய வீடு இரண்டு அடுக்கு. கீழே அவர்கள், மேலே நீக்கிலாப்பிள்ளையின் அக்கா யோசெப்பின். புருசன் போனபிறகு தனியாக இருக்கிறா. மேலே ஒரு கதிரை நகர்ந்தால் கீழே மாக்கிரட்டுக்குக் கேட்கும். கீழே ஒரு செய்தி வந்தால் கதிரை நகரும். அன்றைக்கும் அவர்கள் உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்னமே உள்படியில் காலடி கேட்டது.

"என்ன சொன்னவ டொக்டர்?"

மாக்கிரட் சொன்னாள். யோசெப்பின் கதிரையை இழுத்து உட்கார்ந்து, சீனி போடாத தேத்தண்ணியைக் கிண்டினா.

"அப்ப புதுசை வை. ஒப்பரேசன் மே மாசம். கலியாணம் ஓகஸ்டில. அதுக்கிடையில எல்லாம் ஆறிப்போடும்."

"திரும்பவும் இறுகக்கூடுமாம், மச்சாள்."

"இறுகட்டும். கலியாணம் முடியட்டும், பேந்து இறுகட்டும்."

"அதுக்குத் தெரியுமோ?"

"என்ன தெரியுமோ?"

"கலியாணத் திகதி."

யோசெப்பின் சிரிக்கவில்லை. நீக்கிலாப்பிள்ளை சிரித்ததை இருமலாக மாற்றி, தொலைக்காட்சிப் பக்கம் போய்விட்டார்.

கலியாணம் மகள் றொஷினிக்கு. மாப்பிள்ளை அன்டன், அவர்கள் பூசைக்குப் போகிற கோயிலின் அதே பங்கைச் சேர்ந்த மன்னார்க் குடும்பம். இதுவரைக்கும் எல்லாம் நல்லபடி. ஆனால் மாக்கிரட்டுக்கு வந்தது என்ன வருத்தம், என்ன நோய் என்று பங்கில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது யோசெப்பின். அப்போது றொஷினிக்கு இருபத்துமூன்று. பரம்பரை வருத்தம் என்று பெயர் எழும்பினால் பெட்டையை ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று அவ பயந்தா. பரம்பரையாக ஒன்றும் இல்லை என்று பரிசோதனை பிறகு சொன்னது. அது சொல்வதற்குள் பொய் ஊர் சுற்றி வந்துவிட்டது.

என்ன பொய் என்பதில் யோசெப்பின் நிறைய மூளை செலவழித்திருந்தா. காய்ச்சல் என்றால் யாரும் ஆஸ்பத்திரியில் வைத்திருக்க மாட்டார்கள். கர்ப்பப்பை என்றால் பெண்கள் கூடிக் கூடிக் கதைப்பார்கள். இருதயம் என்றால் பார்க்க வருவார்கள். பித்தப்பைக் கல் என்றால் ஒருவருக்கும் ஒரு அக்கறையும் இராது. அப்படித்தான் மாக்கிரட், உடம்பில் இருந்த பித்தப்பை உடம்பிலேயே இருக்க, பித்தப்பை எடுத்த மனிசியானாள்.

ஒன்றை மட்டும் யோசெப்பின் கணக்கில் எடுக்கவில்லை. அந்தப் பங்கில் பித்தப்பை எடுத்தவர்கள் ஏற்கெனவே அரைடசின் பேர் இருந்தார்கள். அவர்கள் என்ன சாப்பிடலாம், எதைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று எல்லாருக்கும் மனப்பாடம்.

அதிலும் றோசாவுக்கு. றோசா அன்டனின் தாய். வீட்டு நிலவறையில் தையல் மெசின் வைத்துப் பங்குப் பெண்களுக்குச் சட்டை தைக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய, கோயிலுக்குக் கீழே இருக்கிற மண்டபத்தில் மீன் ரோல்ஸ் விற்பவளும் அவள்தான். வெளியே மொறுமொறு என்று, உள்ளே மிளகும் உருளைக்கிழங்கும் மீனுமாக, கடித்தால் ஆவி பறக்கும். மாக்கிரட் வரிசையில் நின்று கை நீட்டுவாள். றோசா இடுக்கியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள்.

"ஐயோ, உங்களுக்கு எண்ணெய்ச் சாமான் கூடாதெல்லே. பொறுங்கோ, உங்களுக்கெண்டு அவிச்ச மரவள்ளி கொண்டுவந்திருக்கிறன்."

தவசு காலத்தில் மற்றவர்கள் நாற்பது நாளுக்கு விடுவதை மாக்கிரட் வருடம் முழுக்க விட்டாள். நத்தாருக்கு அவித்த மரவள்ளி. உயிர்த்த ஞாயிறுக்கு அவித்த மரவள்ளி. அன்டன் வீட்டார் பெண் கேட்டு வந்த அன்றைக்கு, மாக்கிரட்டின் சொந்த வீட்டில், மாக்கிரட் பொரித்த வடையை மாக்கிரட்டின் தட்டில் இருந்து றோசா அன்போடு எடுத்து அப்பால் வைத்தாள். புற்றுநோய்க்கு அழாத மாக்கிரட்டுக்கு அன்றைக்குக் கண் கலங்கியது.

"தட்டையா நிண்டா றோசா என்ன நினைப்பா?" என்றா யோசெப்பின். "சீலையில தெரியாமல் இருக்குமோ? சொன்ன பொய்யும் தெரியும், வந்த வருத்தமும் தெரியும். பெட்டையின்ர வாழ்க்கை, மாக்கிரட்."

"ரெஸ்ற்றில ஒண்டும் இல்லையெண்டு வந்ததுதானே."

"சனம் ரெஸ்ற்றே பாக்கும்? சட்டையைத்தான் பாக்கும்."

மாக்கிரட் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். அவவுக்கு மறுத்துச் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, நெஞ்சிலிருந்து தொங்கிய குழாய்களில் சேர்ந்த இரத்தநீரைக் காலையும் மாலையும் ஊற்றிக் கழுவியவ யோசெப்பின். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. அந்தக் கைக்கு முன்னால் "மாட்டன்" என்ற சொல் தொண்டையில் வந்து நின்று, திரும்பிப் போய்விடும்.

றொஷினியோடு போனில் கதைத்தாள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பல்கலைக்கழகத்தின் விவசாயப் பிரிவில் மண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு.

"அம்மா, உங்கட உடம்பு. நீங்கதான் சொல்லோணும்."

"யோசெப்பின் மாமி பயப்பிடுறா. அன்டன் வீட்டில..."

"அன்டனுக்கு முதல் மாசமே சொல்லிட்டன்."

"என்னெண்டு?"

"அம்மாக்கு கான்சர் வந்து சுகமாயிட்டு எண்டு. அவன் தாய்க்குச் சொல்லேல்ல. அவ கேக்கேல்லயாம்."

போனை வைத்தபிறகு மாக்கிரட் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். ஒரு கையால் வாடகைக்காரரை மறைத்தாள். அவர் இல்லாத நெஞ்சைக் கற்பனை செய்து பார்த்தாள். இடது பக்கம் பத்து வயதுப் பெட்டை, வலது பக்கம் ஐம்பத்தேழு வயதுக் கிழவி. இரண்டு பேரும் ஒரே உடம்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தால் என்ன கதைப்பார்கள் என்று யோசித்தாள். பெட்டைதான் கூடக் கதைக்கும் போலிருந்தது. அவளுக்குப் பயம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. பசி வந்தது.

பயம் வேறு எங்கேயோ இருந்தது. தேடிப் பார்த்தால் அது கண்ணாடிக்குள் இல்லை, மண்டபத்தில் இருந்தது. சீலைத் தலைப்பைச் சரிசெய்வது போல நெஞ்சைப் பார்க்கப்போகிற கண்களில் இருந்தது. தன் உடம்பு தனக்குச் சரியாக இருந்தும் மற்றவர்களுக்காக ஒரு சாமானை உள்ளே வைத்துச் சுமப்பதா என்று தன்னையே கேட்டாள். கேட்டுவிட்டு, வெட்கப்பட்டவள் போல லைட்டை அணைத்தாள்.

கார்டெரியில் மூன்று வயது மரி-லூவுக்கு இப்படிப்பட்ட சிக்கல்கள் இல்லை. அழுகிறபோது குசினிக்கு ஓடிவந்து மாக்கிரட்டின் மடியில் ஏறுவாள். அடுத்த நாளும் ஏறினாள். இடது பக்கம் தலையை வைத்தாள். எடுத்தாள். விரலால் ஒருதரம் குத்திப் பார்த்தாள். "இது நல்லாயில்லை," என்று பிரெஞ்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டு, வலது பக்கம் மாறிப் படுத்து, மிச்சத்தை அழுது முடித்தாள். டொக்டரின் படத்தைவிட இது தெளிவாக இருந்தது.

சனிக்கிழமை, கலியாணத்துக்கு மாக்கிரட் கட்டும் சீலையின் சட்டைக்கு அளவு கொடுக்க றோசா வீட்டுக்குப் போகவேண்டும். யோசெப்பினும் கூடவே வந்தா. உடம்பில் நாடா வைக்க விடாமல் இருப்பதற்கு அவ ஒரு வழி கண்டுபிடித்திருந்தா. பழைய சட்டை ஒன்றை அளவுச் சட்டையாகக் கொடுத்துவிட்டால் போதும், அதைப் பார்த்துத் தைப்பார்கள். எல்லாத் தமிழ்ப் பெண்களும் செய்வதுதானே. மாக்கிரட்டின் அலுமாரியைக் கிண்டி, நல்ல நிலையில் இருந்த பச்சைச் சட்டை ஒன்றை எடுத்து மடித்துக் கொண்டுவந்தா.

நிலவறையில் மெசினுக்குப் பக்கத்தில் நின்ற றோசா அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது எந்தக் காலத்துச் சட்டை அக்கா? நானே தைச்சது. பெட்டை பள்ளிக்கூடம் போகேக்க."

"மாக்கிரட்டுக்கு அளவு மாறேல்ல," என்றா யோசெப்பின்.

"எனக்கு மாறியிருக்கு. உங்களுக்கு மாறியிருக்கு. மாதாவின்ர சுரூபத்துக்கே போன வருசம் புதுசாப் போர்வை தைச்சனான். இவவுக்கு மட்டும் மாறேல்லயோ?" றோசா மூக்கை உறிஞ்சினாள். "ஐயோ, மேல அடுப்பில எண்ணெயை வைச்சிட்டு வந்திட்டன். நாளைக்கு மண்டபத்துக்கு ரோல்ஸ். அக்கா, குறை நினையாதேங்கோ, ஒருக்காப் போய்ப் பொரிச்சு எடுங்கோ. மாக்கிரட்டை அனுப்பேலாது, எண்ணெய் மணமும் கூடாது அவவுக்கு."

யோசெப்பின் படியையும் பார்த்தா, மாக்கிரட்டையும் பார்த்தா. இங்கே நின்றால் வீடு பற்றும், மேலே போனால் பொய் பற்றும். வீட்டைக் காப்பாற்ற முடிவு செய்து, கைப்பிடியைப் பிடித்து ஏறினா.

றோசா நாடாவை எடுத்தாள். முதலில் கை, பிறகு முதுகு, பிறகு இடுப்பு. வலது தோளில் நுனியை வைத்து நெஞ்சின் முனைவரைக்கும் இறக்கினாள். "பத்தரை." இடது தோளில் வைத்தாள். நாடா இறங்கத் தொடங்கும் முன்னமே முட்டி நின்றது. "ஏழு."

மெசினின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. றோசா நாடாவைச் சுருட்டவில்லை.

"மாக்கிரட், பித்தப்பை எந்தப் பக்கம்?"

"வலம்."

"ஓம். என்ர தமையனுக்கும் வலப்பக்கம்தான் வெட்டினவை. அப்ப இடப்பக்கம் ஆரோட கோவிச்சுக்கொண்டு மேல ஏறினது?"

மாக்கிரட்டுக்கு அழுகை வரவேண்டிய இடம் அது. வந்தது சிரிப்பு. மூக்கால் வந்தது. கையால் வாயைப் பொத்தினால் தோளால் வந்தது. றோசா விரலை மடக்கி, சட்டைக்கு மேலால் இடது பக்கம் மெதுவாகத் தட்டினாள்.

"ஆரும் உள்ளுக்கு இருக்கினமோ?"

"இருக்கிறார். வாற மாசத்துக்கு அடுத்த மாசம் எழுப்பப் போறம்."

பிறகு சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். மேலே எண்ணெய் சீறுகிற சத்தத்தை நம்பி, அது ஓய்வதற்குள் வேகவேகமாகச் சொன்னாள். றோசா இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்ததும், "தெரியும்," என்றாள்.

"ஆர் சொன்னது? அன்டனோ?"

"அவன் சொல்லேல்ல. பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும், அதால என்னைக் கண்டா ஓடுறான். எனக்கு முந்தியே தெரியும். மண்டபத்துக் குசினியில பிரிட்ஜ் கதவில விரலால ஏணி ஏறிக்கொண்டு நிண்டனீர், ஞாபகமோ? என்ர தங்கச்சியும் மார்பு எடுத்தாப்பிறகு அப்பிடித்தான் சுவரில விரல் நடத்தினவள். கை உயர்த்தப் பழகிறதுக்கு. பித்தப்பைக்கு ஆரும் பிரிட்ஜில ஏறுறேல்ல."

கலியாணம் பொருந்திய நாளிலிருந்து றோசா அவளை 'நீங்கள்' என்றுதான் அழைத்துவந்தாள். இப்போது பழையபடி 'நீர்' ஆகியிருந்தது. மாக்கிரட்டுக்கு அது நெஞ்சில் சூடாக இறங்கியது, வாடகைக்காரர் இருந்த பக்கத்திலும்கூட.

"தெரிஞ்சுகொண்டோ எனக்கு ரோல்ஸ் தராமல் விட்டனீங்கள்?"

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு ஞாயிறும் பாத்தனான். இண்டைக்கு மரவள்ளி தாங்கேலாமல் உண்மையைச் சொல்லுவா, இண்டைக்குச் சொல்லுவா எண்டு. நீர் என்னெண்டா மெர்சி எண்டு சொல்லிப்போட்டு முழுங்கினீர்."

"வடையையும் எடுத்தீங்களே."

"அது கொஞ்சம் கூடிப்போச்சுது," என்று றோசா ஒத்துக்கொண்டாள்.

நூற்கட்டைகளுக்குப் பின்னால் கைவிட்டு, துணியால் மூடிய தட்டொன்றை எடுத்தாள். முதல் பொரியலில் எடுத்து ஒளித்து வைத்தது. மாக்கிரட் ரோல் ஒன்றை எடுத்துத் தின்றாள். நாக்குச் சுட்டது. இரண்டாவதையும் எடுத்தாள்.

"அளவு முடிஞ்சுதோ?" மேலிருந்து யோசெப்பினின் குரல்.

"கழுத்து இருக்குதக்கா," என்று றோசா கூப்பிட்டுச் சொன்னாள். பிறகு குரலைத் தணித்தாள். "டொக்டருக்கு என்ன சொல்லப்போறீர்?"

"புதுசு வேண்டாம் எண்டுதான் கிடக்கு."

"வேண்டாம். என்ன விசருக்குத் திரும்பவும் வெட்டிக்கொத்தி வைக்கிறது? இஞ்ச பாரும், நான் ஒரு வேலை செய்யிறன். சட்டைக்கு உள்ளால இடப்பக்கம் ஒரு பை தைச்சு, பஞ்சை அடைக்கிறன். ரெண்டு பக்கமும் ஒரே மட்டம். ஒரு குருவிக்கும் தெரியாது."

"நீங்கள்தான் தெரிஞ்சுகொண்டீங்களே."

"நான் வேற. எங்கட சனம் மன்னாரில இருந்து வருகுது, பாரிசில இருந்து வருகுது. அன்டனின்ர பெரியம்மாவை உமக்குத் தெரியாது. கோயில் வாசலில நிண்டு ஆளை ஸ்கான் பண்ணுவா. ஏன் அதுகளின்ர வாய்க்கு அவல்? கலியாணம் முடியட்டும்."

படியில் காலடி. யோசெப்பின் கையில் எண்ணெய்த் துணியோடு பாதிப் படியில் நின்றுவிட்டா. மாக்கிரட்டின் உதட்டில் ரோல்ஸ் தூள். றோசாவின் கையில் இரண்டு எண்களும் சொல்லி முடித்த நாடா. யோசெப்பினுக்கு யாரும் ஒன்றும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அவ அப்படியே படியில் உட்கார்ந்தா.

"எவ்வளவு காலமாத் தெரியும்?"

"தொடக்கத்தில இருந்தே அக்கா."

"அப்ப நான் ஒவ்வொரு நத்தாருக்கும் இவளுக்குப் பின்னால பொலிஸ்காரி மாதிரித் திரிஞ்சது?"

"நல்லாச் செய்தனீங்கள்," என்றாள் றோசா, உண்மையான மதிப்போடு. "பஞ்சு வைப்பம் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன்."

யோசெப்பின் துணியை மடித்தா, விரித்தா. முகத்தில் இருந்த கலவரம் மெல்ல மெல்ல இறங்கி, அந்த இடத்தில் ஒரு தெளிவு வந்தது. "பஞ்சு. ஓம். அது நல்ல யோசினை. ஒப்பரேசனில புதுசு வைக்காட்டிப் போகட்டும். உன்ர விருப்பம் மாக்கிரட். பஞ்சை வை, அது போதும்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி படியில், ஒருத்தி மெசினுக்கருகில். இரண்டு முகத்திலும் ஒரே அன்பு. மாக்கிரட்டுக்கு வேடிக்கையாக இருந்தது. நாலு வருடமாக ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், ஒரு பிடி பஞ்சில் ஐந்து நிமிடத்துக்குள் ஒற்றுமையாகிவிட்டார்கள்.

பஞ்சு நல்ல சாமான்தான். இறுகாது. குளிராது. மேலே ஏறாது. வலிக்காது. டொக்டர் வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். ஒருநாள் பாவித்துவிட்டுக் கழற்றி எறியலாம். மறுக்க ஒரு காரணமும் இல்லாத அளவுக்கு நல்ல சாமான். வாடகைக்காரரை மறுப்பது இதைவிடச் சுலபம், அவர் வலிக்கிறார், மரி-லூவுக்கே பிடிக்காது. பஞ்சோ யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல், கண்கள் வருகிற திசையில் கொஞ்சம் மேடாக நிற்கும், அவ்வளவுதான். அந்தக் கண்களுக்கு அவள் அன்றைக்கு முழுவதும் நன்றி சொல்லிக்கொண்டிருப்பாள். பித்தப்பை எப்படி என்று கேட்பார்கள். சுகம் என்பாள்.

மகளின் கலியாணத்தில் அவள் வேறொன்றும் கேட்கவில்லை. நின்ற இடத்தில் நிற்கவேண்டும். உள்ளே ஒன்றையும் யாருக்கும் மறைத்துக்கொண்டு நிற்கக்கூடாது.

தன் தலை வழக்கம்போல ஆடப் போகிறதா என்று அவள் காத்திருந்து பார்த்தாள். பங்கு மண்டபத்தில் ஆடியது போல, ஆஸ்பத்திரியில் ஆடியது போல. கழுத்து அசையாமல் நின்றது.

றோசா சோக்கட்டியை எடுத்து, மேசையில் விரித்திருந்த மாம்பழநிறப் பட்டுத்துணிக்கு மேலே பிடித்தாள்.

"அப்ப பஞ்சு வைச்சே வெட்டட்டோ?"

"இல்லை, றோசாக்கா," என்றாள் மாக்கிரட். அவளுக்கே கேட்க ஆச்சரியமாக இருக்கும் அளவுக்குச் சாதாரணமான குரல், கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் சொல்கிற குரல். "இடப்பக்கம் தட்டையா வெட்டுங்கோ."